குல்லா கழற்றாத கோல்கீப்பர்

சுலக்ஷனாவுக்குச் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அதைக் கிளப்பி அனுப்ப யாராலும் ஆகாது. அதற்கு அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவளுடைய அப்பா உயிரோடு இருந்த காலத்தில் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சாராயப் போத்தல் ஒளிந்திருக்காத இடமே கிடையாது. கூரைத் தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒன்று, விறகுக்கு அடியில் ஒன்று, ஒருமுறை அரிசிப் பானைக்குள்ளேயே ஒன்று. சின்ன வயதிலேயே அவள் அதையெல்லாம் மோப்பம் பிடித்து எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தார். அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். மோப்பம் மட்டும் சுலக்ஷனாவிடம் தங்கிவிட்டது.

இப்போது அது தம்பி நிரஞ்சன் பக்கம் திரும்பியிருந்தது.

ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை, ஒரு கரண்டிச் சத்தத்தில். இரவுச் சாப்பாட்டுக்குப் பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிரஞ்சன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினான்.

"அக்கா, மெதுவா! மண்டைக்குள்ள இடிக்குது!"

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் விடிய விடியப் பாட்டுப் போட்டாலும் குறட்டை விட்டுத் தூங்குகிற பையன். கரண்டி சுரண்டினால் மண்டை இடிக்கிறதாம்.  அதை மனசுக்குள் ஒரு மூலையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. லைட்டைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகத்தைத் தொடாமல் போர்வைக்குள் சுருண்டான். காலையில் கக்கூசுக்குப் பின்னால் நின்று வாந்தி எடுத்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் வாசலில் நின்று, "அக்கா, அத எடு, அந்த... மழைக்குப் பிடிக்கிறத எடு" என்றான். குடை என்ற வார்த்தை பதினேழு வயதுப் பிள்ளைக்கு வாயில் வரவில்லை. போதாக்குறைக்குத் தலையில் ஒரு கறுப்புக் கம்பளிக் குல்லா. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துக் குளிருக்குக் குல்லா போடுவது அதிசயமில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் அதைக் கழற்றாததுதான் அதிசயம்.

சுலக்ஷனா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிறாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பகல் முழுக்கக் கவனிப்பது அவள் பொறுப்பு. எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வரப்போகிறது, எது சட்டியில் வைத்ததைச் சாப்பிடாமல் ஒளித்திருக்கிறது என்று வாசலிலிருந்தே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் ஒருவன் ஒளித்து விளையாடினால் என்ன ஆகும்?

போன மாதம் தோட்டத்து மண்டபத்தில் போதைப்பொருள் பற்றி ஒரு கூட்டம் போட்டார்கள். கொழும்பில் மட்டும் இருந்ததாக நினைத்த ஐஸும் தூளும் இப்போது மலைக்கும் ஏறி வந்துவிட்டன என்று பேச வந்த அதிகாரி சொன்னார். பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொன்னார். தலைவலி என்பார்கள், வாந்தி எடுப்பார்கள், வெளிச்சம் தாங்காது, காரணமில்லாமல் கோபப்படுவார்கள், நேரங்கெட்ட நேரத்தில் தூங்குவார்கள், படிப்பு மறந்து போகும். நிரஞ்சனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு அவர் பேசினது போலவே இப்போது சுலக்ஷனாவுக்குத் தோன்றியது. 

அவன் பள்ளிக்கூடம் போனதும் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். சட்டைகளை மோந்து பார்த்தாள். சப்பாத்துக்குள் கை விட்டாள். மெத்தையைத் தூக்கினாள். கூரைச் சட்டத்தைக்கூடப் பழைய பழக்கத்தில் தடவிப் பார்த்தாள். விளையாட்டுப் பையின் அடியில், கோல்கீப்பர் கையுறைக்குள் சுருட்டி வைத்திருந்தது கிடைத்தது. பெனடோல் மாத்திரை அட்டைகள். எல்லாம் காலி.

பெனடோல் எல்லா வீட்டிலும் இருக்கிற சாமான்தான். ஆனால் கையுறைக்குள் ஒளித்து வைக்கிற சாமான் இல்லையே. அதை எதோடாவது கலந்து போடுகிறார்களோ? அப்படி ஒரு புது வித்தை இருக்கிறதோ? சுலக்ஷனா அட்டைகளை இருந்தது இருந்தபடியே திருப்பி வைத்தாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பா சொன்ன கதைகளைத்தான் இவனும் சொல்வான்.

அன்று சாயங்காலம் அவள் மைதானத்துக்குப் போனாள். போனாள் என்றால் எல்லாரும் பார்க்கப் போகவில்லை. மேல் ரோட்டில் தேயிலை மறைவில் நின்றாள். கீழே தோட்டத்து அணி உதைபந்தாட்டப் பயிற்சியில் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். டிக்கோயாப் பக்கத்து அணியோடு. நிரஞ்சனைப் பார்க்கக் கொழும்பு கிளப் ஒன்றிலிருந்து ஆள் வரப்போகிறார் என்று லயத்தில் சின்னப் பிள்ளைகள்கூடப் பேசிக்கொண்டார்கள். அந்த ஆளுக்குப் பிடித்துவிட்டால் கிளப்பில் இடம், அதோடு ஒரு வேலை. கோல் கம்பத்துக்கு முன்னால் அவன் குதித்துப் பந்தைப் பிடித்தால், பந்து கையில் ஒட்டிக்கொண்டதோ என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

அன்றைக்கு அவன் குதிக்கவில்லை. பனிமூட்டத்துக்குள் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பயிற்சி கொடுக்கிற லியனார்ட் மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் திலக்ஷன் ஓடி வந்து அவனுக்கு முன்னால் நின்றுகொண்டான். திலக்ஷன் பின் வரிசையில் ஆடுகிறவன், நிரஞ்சனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து திரிகிறவன். மாஸ்டர் போனதும் திலக்ஷன் காற்சட்டைப் பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து நிரஞ்சன் கையில் வைத்தான். நிரஞ்சன் அதை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினான்.

 ஆள் கிடைத்துவிட்டான். தன் வீட்டில் எத்தனை தடவை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான் இந்தத் திலக்ஷன்! அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிற பிள்ளை!

பயிற்சி முடிந்து பையன்கள் கலைந்த பிறகு அவள் லியனார்ட் மாஸ்டரை ரோட்டில் மறித்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடம் எடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குத் தவறாதவர். பிள்ளைகள் விஷயத்தில் கறார் பேர்வழி என்று ஊருக்கே தெரியும். தலையில் அடிபட்டவன் டொக்டர் சொல்லாமல் மைதானத்துக்குள் வரக்கூடாது என்று அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். போன சீசனில் நெற்றியில் முட்டிக்கொண்ட முன்வரிசைப் பையனை வெளியே உட்கார வைத்து, அந்த ஆட்டம் தோற்று, ஊரே அவரைத் திட்டியது. அவர் அசையவில்லை.

"சேர், எங்க தம்பி யாரோடெல்லாம் பழகுறான்னு கொஞ்சம் பாக்குறீங்களா?" என்று சுலக்ஷனா சுற்றி வளைத்தாள்.

"ஏன்? என் பசங்க மேல ஒனக்கு என்ன வந்துச்சு?"

"அப்படி இல்லங்க சேர். சும்மாதான்."

மாஸ்டர் அவளை உற்றுப் பார்த்தார். "அவன் ஆட்டத்துல ஒரு மந்தம் இருக்கு. நானும் கவனிச்சேன். கேட்டா பரீட்சைக்கு முழிச்சுப் படிக்கிறேங்கிறான். ஒடம்புக்கு எதுவும் முடியலையாம்மா? தலைவலி, வாந்தி அந்த மாதிரி எதுவும்?"

 தலைவலி, வாந்தி. கூட்டத்தில் சொன்ன அதே வார்த்தைகள். மாஸ்டருக்கும் மூக்கில் வேர்த்துவிட்டதா? ஆம் என்று சொன்னால் நாளைக்குப் பெரட்டுக் களத்தில் காலை வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கிற அத்தனை பேர் வாயிலும் நிரஞ்சன்தான். அப்பன் சாராயம், மகன் ஐஸ் என்று பேசுவார்கள். கொழும்பு ஆள் வந்த வழியே திரும்பிப் போவார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்க சேர். நல்லாத்தான் இருக்கான்" என்றாள்.

மாஸ்டர் தலையாட்டிவிட்டுப் போனார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. எதையோ காப்பாற்றிவிட்டதாக நினைத்தாள், பாவம். குவைத்திலிருந்து அம்மா வீடியோவில் வந்து, தம்பி ஏன் முகத்தைக் காட்டமாட்டேன் என்கிறான் என்று கேட்டபோதும், பயிற்சிக்குப் போயிருக்கிறான் என்று அதே வாயால் சொன்னாள். அவன் பின்னால் போர்வைக்குள் கிடந்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பெனடோல் அட்டைகளை எடுத்துவந்து அவன் முன்னால் போட்டாள்.

"இது என்னடா?"

"தலைவலிக்கு."

"எதுனால தலைவலி?"

 உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அப்பா எத்தனை தடவை இப்படித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்!

"திலக்ஷன் ஒனக்கு என்னத்தக் குடுக்குறான்? நான் பார்த்தேன். ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

நிரஞ்சன் சடாரென்று நிமிர்ந்தான். "ஒளிஞ்சிருந்து பாத்தியா? ஒனக்கு எல்லாரும் கள்ளன்தான். வீட்டுல இருக்குறவனும் கள்ளன், வெளியில இருக்குறவனும் கள்ளன். ஒன்னால நிம்மதியா ஒரு..." அவனுக்கு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தபடி எதையோ தேடினான்.

"அப்பன் மாதிரியே நாக்கும் கொழறுதா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே ஓங்கி ஒரு அறை விட்டாள். குல்லா பறந்துபோய் அடுப்படியில் விழுந்தது.

அடித்தது அவள் கைதான். ஆனால் அதில் அப்பாவுக்குச் சேரவேண்டியதும் இருந்தது.

 நிரஞ்சன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஒரு அறைக்கு இவ்வளவு நடிப்பா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு அழுகையும் வந்தது. அவனை வளர்த்தவள் அவள். அவன் கெட்டுப்போனால் அவளுக்கு இந்த உலகத்தில் வேறு என்ன இருக்கிறது?

மறுநாள் சாயங்காலம் அவனைக் கூட்டிக்கொண்டு ரோதமுனி கோயிலுக்குப் புறப்பட்டாள். கோயில் என்று பெயர்தான். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு மரம், சிவப்புத் துணி கட்டிய ஒரு கல், ஒரு சூலம். தொழிற்சாலையின் ரோதைச் சக்கரங்கள் ஓடுவதும் ஓடாததும் அந்த முனி கையில் இருக்கிறது என்பார்கள். அவர் முன்னால் கற்பூரம் ஏற்றிப் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட்டதில்லை என்பது தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். வேலைக்கார ஆட்கள் அடிதடி வழக்கைக்கூட அங்கேதான் தீர்த்துக்கொள்வார்கள். பொலிஸ் ஸ்டேசனில் பொய் சொல்கிறவனும் ரோதமுனியிடம் சொல்லமாட்டான்.

"எங்க போறோம்?" என்று கேட்டான் நிரஞ்சன்.

"கோயிலுக்கு."

வளைவு திரும்பியதும் மறுபடியும் கேட்டான். "அக்கா, எங்க போறோம்?"

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

முனிக்கு முன்னால் குல்லாவைக் கழற்றச் சொன்னாள். தயங்கித் தயங்கிக் கழற்றினான். இருட்டிக்கொண்டு வந்தது. அவள் அவன் தலையைப் பார்க்கவில்லை. கண்ணைத்தான் பார்த்தாள். பொய் கண்ணில்தான் தெரியும் என்பது அவள் படித்த பாடம்.

"கற்பூரத்த ஏத்து. ஐஸோ, தூளோ, எந்தக் கருமத்தையும் நான் தொட்டதில்லன்னு சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். "அத மட்டும் சொன்னாப் போதுமா?"

"அதுக்கு மேல என்னடா இருக்கு?"

"வேற ஒண்ணும் கேக்கமாட்டியே?"

"சொல்லுடா!"

நிரஞ்சன் கற்பூரத்தை ஏற்றினான். அவன் முகத்தில் கலக்கமே இல்லை. உள்ளங்கையை நெருப்புக்கு மேல் பிடித்துக்கொண்டு, தடுமாறாமல், கணீரென்று சொன்னான். "எந்தப் போதையையும் நான் தொட்டதில்ல. செத்துப்போன எங்க அப்பா மேல சத்தியம். ரோதமுனி மேல சத்தியம்."

சுலக்ஷனாவுக்கு உடம்பெல்லாம் லேசானது போலிருந்தது. இப்படி ஒருவன் பொய் சொல்ல முடியாது. அவளுக்குத் தெரியும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மன்னிச்சுக்கடா என்றாள். இவ்வளவு நாளும் மனசுக்குள் கட்டி வைத்திருந்த வழக்கு முழுவதும் அந்தக் கற்பூரத்தோடு எரிந்து போனது. அப்படியானால் அந்தத் தலைவலி எதனால், அந்த வாந்தி எதனால் என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. சந்தேகக்காரர்களிடம் இது ஒரு பெரிய குறை. ஒரே ஒரு கேள்விதான் வைத்திருப்பார்கள். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரொட்டி சுட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரி கட்டச் சம்பல் இடித்தாள். பாதி ரொட்டியை வைத்துவிட்டான். ஆட்டத்து நினைப்பு என்று நினைத்தாள். நெற்றியில் தானே திருநீறு பூசி அனுப்பினாள்.

மைதானத்தில் எள் விழ இடமில்லை. கொழும்பு கிளப் ஆள் வந்திருந்தார். வெள்ளைத் தொப்பி போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, நிரஞ்சனையே பார்த்துக்கொண்டிருந்தார். சுலக்ஷனா அதைப் பார்த்துப் பூரித்துப் போனாள். குல்லாவோடேயே கோலுக்குள் நின்றான் அவள் தம்பி.

முதல் பாதியில் ஒரு பந்து நேராக அவன் நெஞ்சுக்கு வந்தது. பிள்ளைக்காம்பராவில் இருக்கிற பிள்ளைகூடப் பிடித்திருக்கும். நிரஞ்சன் கை எழும்பியபோது பந்து வலைக்குள் இருந்தது. கூட்டம் ஊவென்றது. கொஞ்ச நேரத்தில் தோட்டத்துப் பையன்கள் ஒரு கோல் போட்டுச் சமன் செய்துவிட்டார்கள். இடைவேளை வந்தது.

சுலக்ஷனா பிளேன்டீ போத்தலோடு போனாள். நிரஞ்சன் தூரத்தில் முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருந்தான். வழியில் திலக்ஷன் எதிர்ப்பட்டான். அவளைப் பார்த்ததும் ஒதுங்கப் பார்த்தான். அவள் விடவில்லை. அவனுக்கும் ஒரு மன்னிப்புப் பாக்கி இருந்தது.

"திலக்ஷன், இங்க வா. ஒன்ன நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்பா. நேத்து ரோதமுனி முன்னாடி அவன் சத்தியம் பண்ணிட்டான். இப்பதான் எனக்கு மனசு ஆறுச்சு."

திலக்ஷனின் முகம் வெளுத்தது. "ரோதமுனி முன்னாடியா? அப்ப எல்லாத்தையும் சொல்லிட்டானாக்கா? அப்பறம் எப்படிங்க அவன ஆடவிட்டீங்க?"

"எதச் சொல்லணும்?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். திரும்பிப் போகப் பார்த்தவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள் அவள்.

"எதச் சொல்லணும், திலக்ஷன்?"

"சொல்லமுடியாதுக்கா. நாங்க எல்லாரும் அதே எடத்துல கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கோம். வாயத் தொறக்கமாட்டோம்னு." பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் யோசித்தான். "நீங்க கேளுங்க. தலையாட்டக்கூடாதுன்னு சத்தியத்துல இல்ல."

சுலக்ஷனா சட்டையை விடாமல் கேட்டாள். "போதையா?"

அவன் வேகமாக இல்லை என்று தலையாட்டினான்.

"அடிபட்டுச்சா?"

ஆம்.

"எங்க?"

அதற்கு எப்படித் தலையாட்டுவது? திலக்ஷன் கையை மெதுவாக உயர்த்தித் தன் காதுக்குப் பின்னால் வைத்தான். பிறகு கோலைத் திரும்பிப் பார்த்தான். இரும்புக் குழாயில் செய்த கோல் கம்பம்.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. "மயக்கம் போட்டானா?" ஆம். "போனதுக்கு முந்தின வியாழக்கிழமையா?" ஆம். கரண்டிச் சத்தம் கேட்ட அதே நாள். அன்றைக்கு மாஸ்டர் பஸ் கிடைக்காமல் பயிற்சிக்குப் பிந்தியதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவருக்குத் தெரிந்தால் நிரஞ்சனை ஆடவிடமாட்டார், கொழும்பு ஆளும் பார்க்கமாட்டார் என்று பையன்கள் கூடிச் சத்தியம் செய்திருக்கிறார்கள். தலைவலிக்குப் பெனடோல் வாங்கி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் உட்கார்ந்தால் முன்னால் நின்று மறைத்திருக்கிறார்கள். எல்லாம் பாசத்தில்தான். அந்தப் பாசத்தை நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விசில் ஊதியது. திலக்ஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். சுலக்ஷனா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி லியனார்ட் மாஸ்டரிடம் ஓடினாள்.

"சேர், அவன வெளிய எடுங்க! தலையில அடிபட்டிருக்கு. கம்பத்துல. மயக்கம் போட்டு விழுந்திருக்கான்."

"எப்ப?"

"பத்து நாளைக்கு முன்னாடி, வியாழக்கிழமை. அன்னையிலருந்து வாந்தி, தலைவலி..."

மாஸ்டர் ஒரு நிமிடம் அவளை அப்படியே பார்த்தார். "நான் கேட்டேனேம்மா" என்றார்.  கையை ஆட்டிக்கொண்டு நடுவரைக் கூப்பிட்டபடி கோட்டோரமாக ஓடினார். கூட்டத்தின் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. எதிரணிக்குக் கோர்னர் உதை கிடைத்திருந்தது. நெட்டையாக ஒரு பையன் நிரஞ்சனுக்கு முன்னால் வந்து நின்று தோளால் இடித்துக்கொண்டிருந்தான். பந்து வரும். இருவரும் எழும்புவார்கள். தலையும் தலையும் மோதினால், இல்லை அந்தக் கம்பத்திலேயே இன்னொரு தடவை...

சுலக்ஷனா அதற்கு மேல் யோசிக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே மைதானத்துக்குள் இறங்கினாள். பந்து காற்றில் வந்துகொண்டிருந்தது. நிரஞ்சன் குதிக்க முழங்காலை மடக்கினான். அவள் பின்னாலிருந்து அவனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பந்து அவர்கள் தலைக்கு மேலாகப் போய் வலைக்குள் விழுந்தது.

மைதானமே இரண்டுபட்டது. கோல் என்று அவர்கள் குதித்தார்கள். கோல் இல்லை என்று இவர்கள் பாய்ந்தார்கள். நடுவர் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார். "அந்தப் பொம்பளைக்குப் பைத்தியமா? வெளிய இழுங்கடா!" என்று சொந்தத் தோட்டத்து ஆளே கத்தினார். கொழும்பு ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"விடுக்கா!" நிரஞ்சன் திமிறினான். "அவரு பாக்குறாரு. எல்லாத்தையும் கெடுத்துட்டியே! விடு!"

"விடமாட்டேன்."

திமிறிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். திரும்பி அவள் முகத்தை, புதிதாகப் பார்ப்பதுபோல், அமைதியாகப் பார்த்தான்.

"அக்கா, இன்னைக்கு நீ பிள்ளைக்காம்பரா போகலையா?" என்று கேட்டான்.

பிறகு கோல் கோட்டிலேயே வாந்தி எடுத்தான்.

சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்களின் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. மாஸ்டர் வந்து குல்லாவைக் கழற்றினார். காதுக்குப் பின்னால் வீக்கம் வற்றி, பழுத்த இலை நிறத்தில் கன்றிப் போயிருந்தது. நேற்றுக் கற்பூர வெளிச்சத்தில் அவள் ஒரு அடி எட்டி வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் நிரஞ்சன் அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தான். ஒவ்வொரு குழியிலும் ஆட்டோ குதிக்கும்போது அவள் உள்ளங்கையை அவன் தலைக்கு அணையாகக் கொடுத்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த மாஸ்டர் திரும்பிப் பார்க்கவேயில்லை. அவர் உதடு செபம் சொல்லிக்கொண்டிருந்தது.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளவயதுக்காரர். நிரஞ்சனின் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தார். மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவனுக்கு ஒன்றுதான் வந்தது. பிறகு சுலக்ஷனாவிடம் கேட்டார்.

அவள் சொன்னாள். முதலில் எந்தச் சத்தம் பிடிக்காமல் போனது, எந்தக் காலையில் வாந்தி எடுத்தான், வாந்தியில் என்ன இருந்தது, எந்த வார்த்தை மறந்தது, பகலில் எவ்வளவு தூங்கினான், எந்தக் கையால் நெற்றியைப் பிடித்தான், மாத்திரையை எப்போது எப்போது போட்டான் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பெற்ற தாய்கூட இவ்வளவு சொல்லமாட்டாள். டொக்டரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

"நல்ல வடிவாக் கவனிச்சிருக்கிறீங்கள்" என்றார் அவர். "தம்பியில அவ்வளவு பாசம் போல."

 பாசத்தோடு பார்த்திருந்தால் முதல் வாந்தியிலேயே இங்கே தூக்கிக்கொண்டு வந்திருப்பாள்.

"ஸ்கேன் எடுக்க வேணும். இப்பவே அம்புலன்ஸில பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறன். ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியவேணும். கம்பத்தில அடிபட்டதுக்குப் பிறகு தலையில வேற ஏதும் அடி பட்டதோ? மறைக்காமச் சொல்லுங்கோ. முதல் அடி ஆறமுன்னம் படுற ரெண்டாவது அடிதான் கூடப் பயம்."

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த நிரஞ்சன் உதட்டை அசைத்தான்.

"இல்லங்க டொக்டர். வேற ஒண்ணும் படல."

எது எதுவோ மறந்து போயிருந்தது அவனுக்கு. வெள்ளிக்கிழமை மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு அவசரமாகச் சொல்லியிருக்கமாட்டான். டொக்டர் சரி என்று பேனாவை அடுத்த வரிக்குக் கொண்டுபோனார்.

"பட்டுச்சு டொக்டர்" என்றாள் சுலக்ஷனா.

"அக்கா, சும்மா இரு."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான்தான் அறைஞ்சேன். இந்தக் கையால, காதோட சேத்து."

மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டொக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. எழுதுவதற்காகத்தான் கேட்டார்.

"எவ்வளவு பலமா?"

"என்னால முடிஞ்ச மட்டும், டொக்டர்."